இரைப்பைக் குறிப்புகள்

ஓசூர் கம்பெனியில் நான் கடையும் இரும்பு
நூலளவும் பிசகாது.
ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி அணைக்கரையில்
எல்லாமே பிசகும்.

சேவலின் கழுத்து இறகு, கோழிக்கடை ஷாஜகான்
பொட்டலம் கட்டி வைத்திருப்பார்.
கூட்டு மார்க்கெட்டில் விலைபோகாத ஓட்டைக் கூட்டை
வெந்நீரில் போட்டு உருவிய பட்டு இழை.
பத்தாம் நம்பர் முள்.
இவ்வளவுதான் என் பொய் ஈ.

மண்புழு இல்லை, மைதா உருண்டை இல்லை.
நரம்புக்குத்தான் கனம், ஈக்குக் கனமே கிடையாது;
வீசுவது நரம்பை, ஈ சும்மா கூடப் போகிறது.
இது விளங்கவே மூன்று வருடம்.
அதற்குள் என் காதில் இரண்டு முறை,
கருவேல மரத்தில் கணக்கில்லாத முறை
மாட்டியாயிற்று.

பதினோரு வருட நோட்டு உண்டு.
காற்று, மேகம், தண்ணீர் நிறம்,
வந்தது, வந்து திரும்பியது.
எவராவது எட்டிப் பார்த்தால்
ஈயை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு
‘சும்மா, பொழுதுபோக்கு’ என்பேன்.

ஐப்பசி மழை விட்ட சாயங்காலம்,
மதகு விளக்கைச் சுற்றி ஈசல்.
தண்ணீரெங்கும் வட்டம் வட்டமாய் வாய்கள்.
நான் கட்டிய ஈசலுக்கு நாலு இறக்கை,
பட்டில், கண்ணாடி மாதிரி.
என் வேலையிலேயே இதுதான் நேர்த்தி.
கெண்டை வந்தது, முகர்ந்தது, போனது.
இன்னொன்று வந்தது, போனது.
பதினேழு முறை எண்ணினேன்,
அப்புறம் எண்ணவில்லை.

வறுவல் கடைக்கு மீன் கழுவிக்கொண்டிருந்த மாதம்மா
தலை நிமிராமல் கேட்டாள்:
‘வயித்துல என்ன இருக்குதுன்னு
என்னிக்காவது பாத்தியா?’

பார்த்ததில்லை.
அவள் பதினெட்டு வருடமாய்ப் பார்க்கிறாள்.
ஒரு நாளைக்கு நானூறு வயிறு.
இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லையாம்.

அருவாமனையின் ஓரத்தில் வழித்து வைத்தாள்:
பாசி, ஒரு நெல், பழுப்பாய் நாலைந்து உடம்புகள்.
‘ஈசல் கீழ வந்ததுமே றெக்கைய உதுத்துடும்.
உம்புள்ளைக்கு மட்டும் என்னாத்துக்கு
கல்யாணச் சட்டை?’

அவளிடமே கத்தி வாங்கி
நாலு இறக்கையையும் நறுக்கினேன்.
இரண்டு இரவு வேலை
காற்றில் போயிற்று.
மொட்டையாய், அசிங்கமாய், ஒரு பழுப்புத் துணுக்கு.
மூன்றாவது வீச்சில்
நரம்பு நிமிர்ந்தது.

அப்போதுதான் பின்னால் திம்மராயன்,
காவேரிப்பட்டணம், கையில் மூங்கில் கழி.
‘என்ன போட்டீங்க?’
கை தானாக மூடிக்கொண்டது.
மாதம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.
சொன்னது அவள்; நான் பொத்திக்கொள்ள
இதில் என்ன இருக்கிறது?
திறந்து, ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் அதைக் கட்டிய விதத்தைப் பார்த்து
எனக்குப் பல் கூசியது.
மேலே ஒரு தக்கை! வீசவும் இல்லை,
காற்று போன போக்கில் மிதக்க விட்டார்.
எனக்கு ஒன்று வருவதற்குள் அவருக்கு மூன்று.
நோட்டையும் பேனாவையும் நீட்டினேன்.
கோணல் எழுத்தில் எழுதினார்:
‘காத்தோட சண்டை போடாதீங்க.’
பதினோரு வருடத்தில் அதில் விழுந்த
முதல் வேற்றுக் கையெழுத்து.

பதிலுக்கு மாதம்மாவுக்கு என்ன தருவது?
கேட்டேன். கத்தியை நீட்டினாள்.
கம்பெனி உப்புக்கல்லில் தீட்டிக் கொடுத்தேன்;
தீட்டும் கோணத்தைச் சொல்லச் சொன்னாள், சொன்னேன்.
அடுத்த வாரம் பக்கத்துக் கடைக்காரி
அதே கோணத்தில் தீட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த அடுத்த வாரம்
மொட்டை ஈயை ஒரு மீனும் சீண்டவில்லை.
மழை இல்லை, ஈசலும் இல்லை.
திம்மராயன் தக்கையைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்.

மாதம்மா ஒரு சோடா மூடியில் தண்ணீர் ஊற்றி
எனக்கென்று எடுத்து வைத்திருந்தாள்:
பச்சையாய், ஆறு காலோடு, அரைகுறையாய்ச் செரித்த ஏதோ ஒன்று.
‘எல்லாத்து வயித்துலயும் இதான்.
என்னன்னு எனக்கே தெரியல.’

மூவரும் குனிந்து பார்த்தோம்,
தலை தலையில் முட்ட.